குழிச் சுவரில் நான்கு பாதங்கள்

ஜூலை 14

அன்புள்ள அண்ணா,

முதுகைத் தவிர நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போன இரண்டு கடிதத்திலும் உன் பத்திரிகை ஆசிரியரைப் பற்றி எழுதினாய், மாடிக் குழாய் ஒழுகுவதைப் பற்றிக்கூட எழுதினாய். அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டதாகச் சொல்.

இங்கே குன்றின் மேல் ஏறினால்தான் ஃபோன் எடுக்கும். ஏறினால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் நம் வீட்டு விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். தண்ணீர் லாரிக்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்புவதே நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். பானை ஓட்டைத் தவிர எதையும் தராமல் இத்தனை நாள் சாதித்த என் அகழாய்வுக் குழியில் போன வாரம் கால் கிடைத்தது. சிரிக்காதே. கால்தான். குழியின் கிழக்குச் சுவரிலிருந்து நான்கு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. குட்டைப் போர்வை போர்த்திக்கொண்டு அருகருகே இரண்டு பேர் படுத்திருப்பது மாதிரி. கணுக்காலுக்கு மேலே எல்லாம் சுவருக்குள்.

சுவரை வெட்டினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வெட்டக் கூடாது. குழிக்கும் குழிக்கும் நடுவே சுவரை விட்டு வைப்பதே, எந்த மண் முன்னால் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்று அதில் படிப்பதற்குத்தான். அதை வெட்ட மேலிடத்து அனுமதி வேண்டும். எலும்பை நான் தொடவும் கூடாது, எலும்பு நிபுணர் வர வேண்டும். அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் இயக்குநரிடம் போய் நின்றேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பொறுமைத் திலகம். "பொறுமையா இரும்மா. இத்தனை காலமா படுத்திருக்காங்க, இப்ப எழுந்து ஓடிடப் போறாங்களா?" என்றார்.

அவர்கள் ஓட மாட்டார்கள். நிலம்தான் ஓடிவிடும். மார்ச்சோடு எங்கள் அனுமதி முடிகிறது. அதற்குள் காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் இந்த இடத்தில் கிடங்கு கட்டப் போகிறார்கள். என் ஒப்பந்தமும் அத்தோடு போய்விடும். இந்த ஒரு மேட்டிலேயே என் இருபதுகள் முழுக்கக் கரைந்திருக்கின்றன, உனக்குத் தெரியும்.

ஒரு உதவி. இதோடு படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். பெரிய பாதக்காரரிடம் சிக்கல் இல்லை. சின்னப் பாதக்காரரைப் பார். இரண்டு கட்டைவிரலும் வெளிப்பக்கம் இருக்கின்றன! எனக்குப் பானை ஓடு தெரியும், கால் தெரியாது. அண்ணி பிசியோதெரபி என்று நாள் முழுக்க ஊரார் காலைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறார்? அவரிடம் காட்டி, இது என்னவென்று கேட்டு எழுது.

உன் தங்கை

*

ஜூலை 30

அன்புள்ள பெருச்சாளிக்கு,

உன் முதுகுக்கு என் அனுதாபம். பொந்து தோண்டுகிறவர்களுக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும். நான் சுகம். வீட்டில் எல்லாம் வழக்கம் போல.

இந்த வருஷம் உலகத்துக்கே மண் வெறி பிடித்திருக்கிறது. ஆண்டு முடிவுச் சிறப்பிதழுக்கு "இந்த ஆண்டின் பத்து மாபெரும் கண்டுபிடிப்புகள்" என்று கட்டுரை எழுதும் வேலை என் தலையில். குளிர்நாட்டு ஏரி ஒன்றின் அடியில் கப்பல் கிடைத்திருக்கிறது. உள்ளே எண்ணெய்ச் சாடிகள் மூடி திறக்காமல் அப்படியே. ஒரு காட்டின் மேலே விமானத்தில் பறந்து லேசர் அடித்துப் பார்த்தால், மரங்களுக்குக் கீழே ஒரு நகரமே படுத்திருக்கிறதாம், தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. தீயில் கருகிய சுருள் ஒன்றைப் பிரிக்காமலே இயந்திரத்தை வைத்துப் படித்திருக்கிறார்கள். ஏதோ ஞானம் கிடைக்கும் என்று உலகமே காத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று ஒருவர் எழுதிய புகார் மனு!

எங்கள் ஆசிரியர் கத்தரிக்கு இதெல்லாம் போதவில்லை. அவர் கையில் போனது எதுவும் முழுசாகத் திரும்பாது, அதனால்தான் அந்தப் பெயர். "எல்லாம் பொருளா இருக்கே, ஆள் எங்கய்யா? படிக்கறவன் அழணும்," என்கிறார். ஒன்பது தேறிவிட்டது. பத்தாவது இடம் காலி. உன் கால்களைப் பற்றிச் சொன்னேன். "முழு ஆளா வந்தா சொல்லு," என்றார்.

படத்தைக் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு.

அன்புடன் அண்ணன்

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணா,

சுகமா என்று கேட்கிறேன், நீ சுகம் என்று எழுதப் போகிறாய். அது இருக்கட்டும். படத்தைக் காட்டினாயா இல்லையா?

அவனவனுக்குக் கப்பல் கிடைக்கிறது, நகரம் கிடைக்கிறது. எனக்குக் கால். அதுவும் பாதி. மழை வேறு பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றுவது, பாதங்களைச் சுற்றி ஈரம் காயப் பஞ்சு வைப்பது, சுவர் சரியாமல் பலகை முட்டுக் கொடுப்பது. இதற்குத்தான் நான் படித்தேன். சுவரை வெட்ட அனுமதி கேட்டு மனு போனது. எந்த அளவுக்கு வெட்டுவீர்கள் என்று கேட்டுத் திரும்பி வந்தது. அளவு எழுதிப் போனது. அளவு ஏன் இவ்வளவு என்று கேட்டுத் திரும்பி வந்தது. சாப்பாட்டுக் கூடாரத்தில் தட்டை ஓங்கி வைத்தேன். "கோபப்படக் கூடாதும்மா, நம்ம தொழிலே பொறுமைதான்," என்றார் திலகம். அவர் பதற்றப்படுவதை ஒரே ஒருமுறை பார்த்தால் எனக்குப் பாதி ஆறுதல் கிடைக்கும்.

எலும்பு நிபுணர் இந்த வருஷத்துக்குள் வருவது சந்தேகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இனி எனக்கு அண்ணிதான் கதி. ஒரு நிமிஷ வேலை, அண்ணா. சாப்பிட உட்காரும்போது தட்டுக்குப் பக்கத்தில் படத்தை வை, போதும். அவருக்கே எழுதலாம் என்றால், "அண்ணன் இருக்கும்போது தனியாக என்ன கடிதம்?" என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

அண்ணியின் அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டதா? மே மாதம் மயங்கி விழுந்ததாக எழுதினாய். பிறகு ஒன்றுமே எழுதவில்லை.

உன் தங்கை

*

செப்டம்பர் 15

அன்புள்ள பெருச்சாளிக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. அச்சகத்தில் இயந்திரம் பழுது, கத்தரியின் வாய்க்கு மட்டும் பழுதே இல்லை. அத்தை தேறிவிட்டார், நடமாடுகிறார்.

படத்தைக் காட்டினேன். உன் அண்ணி நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. பெரிய பாதம் ஆணுடையது, சின்னது பெண்ணுடையது. கட்டைவிரல் வெளிப்பக்கம் இருப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் கணுக்காலைக் குறுக்கே போட்டு, அவன் பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் மனசுக்குப் பிடித்தவர் படுத்திருந்தால் கால் தன்னால் அப்படிப் பின்னிக்கொள்ளுமாம். தனியாகப் படுப்பவர்கள் காலை இப்படி வைப்பதில்லையாம்.

எனக்கும் அது சரியென்றே பட்டது.

அன்புடன் அண்ணன்

*

அக்டோபர் 3

அன்புள்ள அண்ணா, அன்புள்ள அண்ணி (இருவரும் சேர்ந்து படியுங்கள்),

அண்ணிக்குக் கோடி நன்றி! உங்கள் இருவரின் உடல்நலத்தையும் இந்த முறை உண்மையான அக்கறையோடு விசாரிக்கிறேன்.

நடந்ததைக் கேள். கடிதம் வந்த அன்று சாப்பாட்டுக் கூடாரத்தில் வாய் சும்மா இருக்காமல், "புருஷன் பொண்டாட்டியாம், காலைப் பின்னிக்கிட்டுப் படுத்திருக்காங்களாம், எங்க அண்ணி சொல்றாங்க," என்றேன். திலகத்தின் கையில் தூக்கிய டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. "உங்க அண்ணி என்ன வேலை பாக்கறாங்க?" என்றார். பிசியோதெரபி, பன்னிரண்டு வருஷ அனுபவம் என்றேன். "கால் நிபுணர்னு சொல்லு," என்றார். மனுஷர் மறுநாள் விடியும் முன்னே என் குழிக்குள் நிற்கிறார்! "ஜோடின்னு வெளிய தெரிஞ்சா இந்த நிலத்தை எவனும் தொட முடியாது. உங்க அண்ணன் பத்திரிகையில வரட்டும். நான் அனுமதி தரேன்," என்றார்.

ஆனால் நாங்கள் பார்த்தது பாதம் மட்டுமே. "நிபுணர் வந்து பார்க்கட்டுமே, பொறுமையா இருக்கலாமே," என்று நான் சொல்ல, "பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கும்மா," என்கிறார் அவர். உலகம் தலைகீழாகிவிட்டது.

எழுது. ஆனால் "இருக்கலாம்", "தோன்றுகிறது" என்று எழுது. அண்ணியின் கையால் நாலு வரி எழுதி வாங்கி அனுப்பு, கோப்பில் வைக்க வேண்டும். அந்த நாலு வரி வராமல் அச்சுக்குக் கொடுக்காதே.

உன் தங்கை

*

டிசம்பர் 5

அன்புள்ள பெருச்சாளிக்கு,

நீண்ட நாள் ஆகிவிட்டது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

சிறப்பிதழ் வெளிவந்துவிட்டது, ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். பத்தாவது இடத்தில் இருக்க வேண்டிய நீ முதல் இடத்தில் இருக்கிறாய். கப்பலும் நகரமும் உனக்குப் பின்னால் நிற்கின்றன. "மண்ணிலும் பிரியாத பாதங்கள்" என்ற தலைப்பு கத்தரி வைத்தது. நான் எழுதிய "இருக்கலாம்" எல்லாவற்றையும் அவர் எடுத்துவிட்டார். இடம் போதவில்லையாம். வாசகர் கடிதங்கள் குவிகின்றன. ஒரு கல்லூரியில் அந்தத் தலைப்பைத் தட்டியில் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

அண்ணியின் நாலு வரி அனுப்ப முடியவில்லை. மணிக்கட்டில் வலி, எழுத முடியாத நிலை. அச்சுக்கு நேரமாகிவிட்டது, அதனால் பெயர் போடாமல் "பல ஆண்டுகள் பாதங்களோடு பழகிய நிபுணர் ஒருவர்" என்று போட்டுவிட்டேன்.

உன் நிலம் பிழைத்தது என்று நினைக்கிறேன். அதற்காகவாவது கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன் அண்ணன்

*

டிசம்பர் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமா? நான் நலம், என் மணிக்கட்டும் நலம்.

எங்கள் நிலையத்துக்கு வரும் முழங்கால் வலிக்காரர் ஒருவர் பத்திரிகையை விட்டுவிட்டுப் போனார். அதில் உன் குழியின் புகைப்படத்தையும் உன் அண்ணனின் கட்டுரையையும் பார்த்தேன். பல ஆண்டுகள் பாதங்களோடு பழகிய அந்த நிபுணர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு உன் முகாமுக்கு எழுதுகிறேன். இடதுகால் எது, வலதுகால் எது என்று தெரியாத ஒருவரை யார் நிபுணர் ஆக்கியது?

கணுக்காலைக் குறுக்கே போட்டால் ஒரு பாதம் மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். நீயே படுத்துப் பார். படத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பெண் காலைப் பின்னவும் இல்லை, யார் பக்கமும் திரும்பவும் இல்லை. அவளுடைய இடது பாதம் வலப்பக்கமும், வலது பாதம் இடப்பக்கமும் இருக்கின்றன. யாரோ எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்கள், மாற்றி வைத்துவிட்டார்கள். பெண் என்றுகூட நான் சும்மாதான் சொல்கிறேன், உன் அண்ணன் எழுதியிருப்பதால். பாதத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். தெரியாது என்று இப்போது புரிகிறது. மே மாதத்திலிருந்து நான் என் அக்கா வீட்டில் இருக்கிறேன். என் அம்மா மயங்கி விழுந்த அன்று மாலையே உன் அண்ணனுக்கு ஃபோன் வந்துவிட்டது. "காலையில உனக்குப் பெரிய வேலை இருந்துச்சு, தூங்கட்டும்னு விட்டேன்," என்று மறுநாள் சொன்னார். அம்மா பிழைத்துவிட்டார், அது வேறு. இந்த ஒன்பது வருஷத்தில் கெட்ட செய்தி எதுவும் என்னிடம் நேரத்துக்கு வந்ததில்லை. ஒவ்வொன்றையும் நான் தோண்டித்தான் எடுக்க வேண்டும். நீ சம்பளத்துக்குத் தோண்டுகிறாய், நான் எதற்கு?

எந்தப் படத்தையும் யாரும் என்னிடம் காட்டவில்லை.

முதுகுக்குத் தினமும் காலையில் தரையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி நீட்டு.

உன் அண்ணி

*

டிசம்பர் 28

அண்ணா,

அண்ணியின் கடிதம் வந்தது.

ஏழு மாதம். ஏழு மாதமாக "அண்ணியைக் கேட்டதாகச் சொல்" என்று எழுதியிருக்கிறேன், யாரிடம் சொன்னாய்? சுவரிடமா? அவர் பேசியதாக நீயே பேசி, அவர் பார்த்ததாக நீயே பார்த்து, இல்லாத மணிக்கட்டு வலியை உண்டாக்கியிருக்கிறாய். உன் சோகத்தை நீ எனக்குச் சொல்லியிருந்தால் லாரியில் ஏறி வந்திருப்பேன். அதை விட்டுவிட்டு என் குழியில் கொண்டுவந்து புதைத்தாய். இங்கே எல்லோரும் என்னை "காதலர் குழிப் பொறுப்பாளர்" என்று கூப்பிடுகிறார்கள்.

உடம்பு எப்படி என்று கேட்கப் போவதில்லை. எப்படியும் சுகம் என்றுதான் எழுதுவாய்.

*

ஜனவரி 30

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, வேலை விஷயமாக எழுதுகிறேன்.

உன் கட்டுரையைப் பார்த்து, மாதக்கணக்கில் வராத அனுமதி ஒரே வாரத்தில் வந்தது. எலும்பு நிபுணரும் ஓடி வந்தார். சுவரை வெட்டினோம்.

இரண்டு பேரும் பெண்கள். சின்னப் பாதக்காரி முதலில் புதைக்கப்பட்டவள். பெரிய பாதக்காரியின் தலைமாட்டில் ஒரு பானை இருந்தது. அதன் விளிம்பைப் பார்த்ததுமே காலம் தெரிந்துவிட்டது, பானை எனக்குத் தெரியும். இருவருக்கும் நடுவே குறைந்தது முந்நூறு வருஷம். சுவர் மண்ணிலும் அது தெளிவாகத் தெரிகிறது, பின்னால் வெட்டிய குழி முன்னால் வெட்டியதைக் கடித்திருக்கிறது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததே இல்லை, அண்ணா.

பாதம் பற்றி அண்ணி சொன்னது அப்படியே சரி. இரண்டாமவளுக்குக் குழி வெட்டியவர்கள் தெரியாமல் முதலாமவளின் காலில் இடித்துவிட்டார்கள். கணுக்கால் எலும்பில் வெட்டுக்காயம் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அள்ளி மண்ணோடு எறிந்திருப்பார்கள். இவர்கள் வெட்டுவதை நிறுத்தி, தங்கள் குழியைக் கொஞ்சம் தள்ளி வெட்டி, பெயர்ந்த எலும்புகளை விரல் விரலாகத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். யாரென்றே தெரியாத ஒருத்திக்கு. இடம் வலம் மட்டும் மாறிப்போயிற்று. நீ கட்டிய காதலைவிட இது எத்தனையோ மேல்.

திலகத்திடம் சொன்னேன். "பொறுமையா இரு. நீட்டிப்புக்குக் கையெழுத்து வரட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்," என்றார். இரண்டு வாரம் நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். பொய்யால் கிடைக்கும் நிலம் வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரி எழுத ஆசை. எனக்கு அந்த நிலம் வேண்டும், அண்ணா. ரொம்ப வேண்டும். அதன் பிறகு மேலிடத்து அலுவலர் புகைப்படக்காரரோடு வந்தார். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "கை கோத்த மாதிரி கொஞ்சம் நகர்த்தி வைக்க முடியுமா மேடம்?" என்றார். திலகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். இருவரும் யாரென்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

இனி உன் முறை. திருத்தம் போடு. முழுசாகப் போடு. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போ. ஆறு மாதத்துக்கு முன்னால் போயிருக்க வேண்டிய இடம்.

*

பிப்ரவரி 16

அன்புள்ள தங்கைக்கு,

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். நான் சுகமாக இல்லை. மே மாதத்திலிருந்தே இல்லை. வீட்டில் சமைப்பதில்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அவள் போன முதல் வாரம், ரெண்டு நாளில் வந்துவிடுவாள், அதற்குள் உனக்கு எதற்கு எழுதிக் கலவரப்படுத்துவது என்று நினைத்தேன். பிறகு எழுதினால் "ஏன் முன்னாடியே சொல்லலை" என்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒவ்வொரு மாதமும் தள்ளினேன். அந்தப் படம் வந்தபோது அதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். யோசித்ததை எழுதிவிட்டேன். அவளை அவ்வளவு தெரியும் என்று நினைப்பு.

திருத்தம் முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். எலும்பைத் திரும்ப அடுக்கியவர்களைப் பற்றித்தான் எழுதினேன், நான் எழுதியதிலேயே நல்லது அதுதான். கத்தரி படித்துவிட்டு, "காதல் இல்லையா? அப்ப இதுல செய்தி என்னய்யா இருக்கு?" என்றார். கடைசிப் பக்கத்து மூலையில் இரண்டு வரி வந்திருக்கிறது. "சிறப்பிதழில் இடம்பெற்ற இரு எலும்புக்கூடுகள் தம்பதியர் அல்லர் எனத் தெரியவருகிறது. தவறுக்கு வருந்துகிறோம்." அவ்வளவே. சண்டை போட்டேன். மேசையைக்கூடத் தட்டினேன். நான் அப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு வரிதான்.

பிறகு அவளுடைய நிலையத்துக்குப் போனேன். நேராக உள்ளே போகத் தைரியம் இல்லை, இடுப்பு வலி என்று சொல்லி வரிசையில் உட்கார்ந்தேன். "அடுத்தவங்க," என்று கூப்பிட்டாள். என்னைப் பார்த்ததும், "எங்க வலிக்குது?" என்றாள், யாரோ ஒருவரைக் கேட்பது மாதிரி. படத்தை நீட்டினேன்.

"இது எப்ப வந்துச்சு?"

"ஜூலையில."

"இப்ப எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"அப்பவே காட்டியிருக்கணும். நீ இல்லைன்னு அவகிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. நீயே சொன்னதா எழுதிட்டேன். உங்க அம்மா விழுந்த அன்னிக்கும் அப்படித்தான். நீ தூங்கட்டும்னு இல்ல. சொல்லத் தைரியம் இல்ல."

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ நல்லா வரைஞ்சிருக்கா," என்றாள்.

"வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டேன். கதவுப் பக்கம் திரும்பி, "அடுத்தவங்க," என்றாள். படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அண்ணன்

*

மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

நீட்டிப்புக்குக் கையெழுத்து வரவில்லை. "சாதாரணப் புதைகுழிகள், மேலதிக ஆய்வு தேவையில்லை, உள்ளபடியே மூடவும்" என்று வந்தது. எலும்புகளை எடுக்கக்கூட அனுமதி இல்லை. கிடங்குக்காரர்கள் வந்து நான்கு மூலையிலும் கம்பு நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திலகம் தன் கூடாரத்திலேயே இருந்தார். நான் போனதும், "ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் நீ பொறுத்திருக்கலாம்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பதற்றப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா, பார்த்தாயிற்று. ஆறுதலாக இல்லை. நான் செய்தது சரியா என்று இன்று கேட்டால் சரி என்பேன். இத்தனை வருஷம் இதிலேயே கிடந்ததற்குப் பலன் இதுவா என்று கேட்டால் கத்துவேன்.

மூடும் முன்னே கடைசிப் புகைப்படம் எடுத்தோம். படம் பார்க்கச் சரியாக இருக்கட்டும் என்று எலும்பு நிபுணர் பாதங்களை இடம் வலம் மாற்றி வைக்கக் குனிந்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்துவிட்டார். பிறகு துணி விரித்து, சலித்த மண்ணை நானே முதலில் போட்டேன். மாலைக்குள் குழி தரைக்குச் சமமாகிவிட்டது. வேலையாட்கள் மேலே நடந்து மிதித்து இறுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமையோடு என் ஒப்பந்தம் முடிகிறது. தங்க இடம் இல்லை. தண்ணீர் லாரியில் பெட்டியோடு உன் வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அதற்குள் உள்ளபடி எழுதிவிடு.

உன் தங்கை